ஏத்தம் பார்த்து ஓடும் வண்டி

“ஏழே காலுக்குத்தான் கெளம்பும். அதுக்கு முன்னாடி நீ தலகீழா நின்னாலும் நவுராது.”

“எனக்கு ஏழு மணிக்கு டூட்டிய்யா.”

“எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? கடல்கிட்டப் போயி சொல்லு.”

“ஊர்ல அவனவன் பெட்ரோல் ஊத்திக் கார் ஓட்றான். நீ ஒருத்தன்தான் ஏத்தம் வத்தம் பாத்து ஓட்ற.”

“பெட்ரோலும்தான் ஊத்துறேன்.”

கடல் ஏறும்போது அந்த வண்டி ஓடியது, வற்றும்போது நின்றது. வீராம்பட்டினத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மடக்கித் திறக்கும் கூரை, தகரத்துக்குப் பதில் ஃபைபரில் செய்த உடம்பு. கடல் ஏறத் தொடங்கியதும் தரையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழ உயரம் எழும்பும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஒரு தேங்காய் உயரம். வத்தம் தொடங்கினால் மெல்ல இறங்கி, கரையில் கிடக்கும் படகு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஊரே திரண்டு தள்ளினாலும் அசையாது. ராத்திரியில் கயிறு போட்டுத் தென்னை மரத்தில் கட்டாவிட்டால் காற்று அடிக்கிற பக்கம் மிதந்து போய்விடும்; ஒரு தடவை கூட்டுறவுச் சங்கத்து வாசலில் இருந்து அதைப் பிடித்து வந்தார்கள். சொந்தக்காரன் விமல்ராஜ், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவன். வெள்ளைச் சீருடையும் சாப்பாட்டுப் பையுமாக வாசலில் நின்று அவனை முறைத்தவள் அவன் மனைவி சத்யப்பிரியா, கதிர்காமம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவளுடைய ஸ்கூட்டியை விற்றுத்தான் அவன் இந்த வண்டியை வாங்கியிருந்தான்.

அன்று அவள் ஷேர் ஆட்டோவில் போய், தாமதமாக இறங்கி, வார்டில் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்தாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

“கார்த்திகை தீபம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இன்னொரு வாட்டி நான் லேட்டாப் போயி நின்னேன்னு வையி, வண்டி அந்த மூலக்குளத்துக் கார் கடைக்காரருக்கு. எனக்கு என் ஸ்கூட்டி.”

“மழ, புயல்னு வந்தாக்கூடவா?”

“சொன்னா சொன்னதுதான்.”

விமல்ராஜ் அந்த வண்டியைப் பத்து வயதிலேயே பார்த்துவிட்டான். அவன் அம்மா பச்சையம்மாள் துய்மா வீதியில் வாடிக்கையாக மீன் கொடுக்கும் வீடுகளில் ஒன்று சொல்தா கிருஷ்ணசாமியின் வீடு. பேர் கிருஷ்ணசாமி என்றாலும் மூன்று தலைமுறையாக மாதா கோயில்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்று, கப்பலில் ஒரு பெட்டி ஒயின் புட்டியும் இந்த வண்டியும் கொண்டுவந்து இறங்கியவர். லீவு நாட்களில் அம்மாவோடு கூடைக்குப் பின்னால் போகிற விமல்ராஜ், அவள் வஞ்சிரம் துண்டு போடும் நேரமெல்லாம் வண்டியை மூடியிருந்த உறைக்கு அடியில் தலையை விட்டு, உள்ளே மினுங்கும் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பான். முள் பூஜ்யத்தில் படுத்திருக்கும். அது எழுந்து நூறைத் தாண்டுவதைத் தான் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். மீசை வந்தது, வேலை வந்தது, கல்யாணம் ஆனது. நினைப்பு மட்டும் மாறவில்லை. கிருஷ்ணசாமி எண்பதைத் தாண்டி, ஒரு நாள் அந்தத் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியாமல் போய், தெருவில் போன நாலு பேர் தூக்கி வெளியே எடுத்தபோதுதான் விற்பது என்று முடிவு செய்தார். மீன் வாங்குகிற வீடு ஆயிற்றே, முதலில் பச்சையம்மாளிடம்தான் சொன்னார்.

“ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ பச்சையம்மா. இது வெள்ள மனசு வண்டி. யாரு இன்னா சொன்னாலும் நம்பிடும்.”

“என் மருமவ மாதிரியே இல்ல முசே,” என்றாள் பச்சையம்மாள்.

அவர் சொன்னது பொய்யில்லை. வண்டி வந்து இறங்கிய வாரத்தில் அவர் சாமியாரை அழைத்துத் தீர்த்தம் தெளித்திருந்தார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடித்தால் அது மாதா கோயில் பக்கம் மட்டுமே திரும்பியது. கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றால் அவர் திங்கட்கிழமை வரை காத்திருந்தார். அந்தப் பழக்கம் அவருக்கு வயதாக ஆக விட்டுப்போயிருந்தது. ஆக, மாசி மாதம் வீராம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த வண்டிக்கு எந்த நம்பிக்கையும் பாக்கியில்லை.

விமல்ராஜின் குடும்பத்தில் அதுவரை யாரும் கார் வாங்கியதில்லை. எஞ்சின் வைத்த புதுப் பொருள் ஒன்று வீட்டுக்கு வந்தால் எப்படி வரவேற்பது என்பதற்கு அவர்களிடம் ஒரே ஒரு முறைதான் இருந்தது, அதைத்தான் செய்தார்கள். அப்பா குப்பன் தென்னந்தடிகளை மணலில் வரிசையாகப் போட்டார். பங்காளிகள் தோள் கொடுத்து வண்டியைக் கரைக்குத் தள்ளினார்கள். படகின் முன்மூக்குக்குச் செய்வதுபோல வண்டியின் மூக்குக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். முன் சக்கரம் இரண்டும் நனையும்வரை கடலில் இறக்கினார்கள். பச்சையம்மாள் இரண்டு கையிலும் கடல் தண்ணீரை அள்ளி அதன் முகத்தில் அடித்து, தன் வீட்டுப் படகுகள் எல்லாவற்றிடமும் சொன்னதைச் சொன்னாள்: “போன எடத்துல நிக்காத, பொழுதோட கரைக்கு வந்துடு.” வண்டி கேட்டுக்கொண்டது. பக்கத்தில் நின்ற சத்யப்பிரியா, காருக்கு எலுமிச்சம்பழம் அல்லவா வைப்பார்கள் என்று கேட்க நினைத்து, மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

விஷயம் மறுநாளே வெளிப்பட்டது. முதலியார்பேட்டையில் நடு ரோட்டில் வண்டி சாய்ந்து உட்கார்ந்தது. போக்குவரத்துக் காவலர் கிரேன் வரவழைத்தார். கிரேனின் பின் சக்கரங்கள் தூக்கிக்கொண்டன, வண்டி கிடந்த இடத்திலேயே கிடந்தது. சேதி கேட்டுச் சைக்கிளில் வந்த குப்பன் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கடற்கரைப் பக்கம் மூக்கை நீட்டி முகர்ந்தார். “வத்தம் சார். மூணு மணிக்கு ஏறும். அதுவரைக்கும் இந்தக் கம்பத்துல கட்டிப் போட்ருவோம், இல்லன்னா அடிச்சிக்கினு போயிடும்” என்றார். காவலருக்கும் தங்கை வீட்டுக்காரர் கடல்காரர்தான். அவரே முடிச்சுப் போட்டார்.

ஓடும்போதும் அது படகின் வேகத்தில்தான் ஓடியது, மெல்ல ஏறி இறங்கி, ஏறி இறங்கி. மொபெட்டுகள் முந்திப் போயின. கடலூர் ரோட்டில் ஒரு கிழவர் கீரைக்கட்டோடு சைக்கிளில் அதைத் தாண்டிப் போகையில் திரும்பிப் பார்த்து, “இன்னா தம்பி, ரிப்பேரா?” என்று கேட்டது விமல்ராஜின் மனதில் முள்ளாகத் தைத்தது. அரியாங்குப்பம் பாலத்துக்கு வந்தால் இன்னும் மோசம். வண்டி தானாக வேகத்தைக் குறைத்து, மூக்கை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும்.

“பராக்குப் பாக்காம ஓட்டுய்யா,” என்பாள் சத்யப்பிரியா.

“நான் எங்க பாத்தேன்? அது பாக்குது.”

குறை வேகத்தில்தான் இருக்கிறது, பாகங்களை மாற்றினால் சரியாகிவிடும் என்று அவன் நம்பினான். வண்டி ஏப்ரல் பாதியில் தானாகவே நின்றுபோனது அதற்கு வசதியாக இருந்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய நாள் அது. நாட்டுப் படகுக்குத் தடை கிடையாது, விசைப்படகுக்குத்தான் என்பதால் ஊரில் இரண்டு கட்சி உண்டானது. ஃபைபர் உடம்பு, ஆகவே போகலாம் என்று குப்பன் வாதாடினார். எஞ்சின் பெரியது, ஆகவே கூடாது என்று பங்காளிகள் சொன்னார்கள். வண்டி பங்காளிகள் பக்கம் சேர்ந்துகொண்டு தடை முடியும் வரை ஓர் அடிகூட நகரவில்லை. படகுகள் எல்லாம் கரையேறிச் சாயம் அடித்துக்கொள்ளும் அந்த வாரங்களில் விமல்ராஜும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சத்யப்பிரியாவிடம் திட்டங்களைச் சொன்னான். அகல டயர் போட்டால் பிடிமானம் வரும். பின்னால் ஸ்பாய்லர் வைத்தால் காற்று வண்டியை அமுக்கிப் பிடிக்கும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்த வேண்டும். சைலன்சரைப் பெரிதாக்கினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும். கடைசியில் ஒரு டர்போ. டர்போவுக்கு வருவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். அவன் எழுந்து போய் மீதியை வண்டியிடம் சொல்லுவான்.

பாகங்கள் மூலக்குளத்தில் கார் அலங்காரக் கடை வைத்திருந்த நெடுமாறனிடமிருந்து வந்தன. நெடுமாறன் வண்டியைப் பார்க்க ஒரு தடவை வந்தவர், அப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தார். “ப்ரோ, ஓடாட்டிப் பரவால்ல. கடை வாசல்ல நிறுத்தி வெச்சாப் போதும், சனம் நின்னு பாக்கும். எப்ப மனசு மாறுதோ ஒரு போன் அடி,” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அகல டயர் வந்தது, தரையில் படாததால் அதன் ரப்பர் மயிர்கூடத் தேயவில்லை. ஸ்பிரிங்கைத் தாழ்த்தினான், வண்டி எப்போதும்போல எழும்பியது. ஸ்பாய்லரில் காக்கைகள் உட்கார்ந்தன. சைலன்சரை மாற்றியதும் வண்டி விசைப்படகின் குரலில் டுப் டுப் என்றது. தெருவில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள் தொழிலுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்து வலையோடு எழுந்து வந்தார்கள். தடைக்காலம் முடிந்த விடியற்காலையில், சாவி போடாமலே, துறைமுகத்துப் படகுகளோடு சேர்ந்து அதுவும் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டது. வேகம் மட்டும் கூடவில்லை.

ஆவணியில், செய்த தப்பைத் திருத்திவிடலாம் என்று சத்யப்பிரியாதான் யோசனை சொன்னாள். டவுனில் ஒரு பிள்ளையார் கோயிலுக்கு ஓட்டிப்போய் முறைப்படி வண்டிப் பூசை போட்டார்கள். குருக்கள் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, தீபாராதனை காட்டி, “முன்னாடி எடுங்கோ” என்றார். விமல்ராஜ் எடுத்தான். எலுமிச்சம்பழங்கள் நாலும் வைத்தது வைத்தபடி இருந்தன. நல்ல ஏத்த நேரம் அது. பின்னால் எடுத்தான், மறுபடி முன்னால் எடுத்தான். குருக்கள் குனிந்து பார்த்து, பழங்களைப் பொறுக்கித் துடைத்துச் சத்யப்பிரியாவின் கையில் கொடுத்தார். “நசுங்கலேன்னா என்ன, ஜூஸ் போட்டுக்கோங்கோ. அடுத்த வண்டி வரட்டும்” என்றார். போட்டுக் குடித்தார்கள்.

இப்படியாகத்தான் ஐப்பசியில் அந்தக் காலைச் சண்டையும், கார்த்திகை தீபம் வரை என்ற கெடுவும் வந்தன. அதற்குப் பின் விமல்ராஜ் டர்போ பேச்சை விட்டான். கடல் ஏறும் நேரம் நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தள்ளிக்கொண்டே போகும். அதைக் கணக்குப் பார்த்து அவளை விடியற்காலையிலேயே கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினான், அவள் கேன்டீன் திறக்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். ஏத்தம் ஒத்துவராத நாட்களில் வார்டுத் தோழி சிவசங்கரியிடம் ஷிஃப்டை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். ஒரு தடவைகூடத் தாமதம் ஆகவில்லை. நெடுமாறன் போன் செய்து, “இன்னா ப்ரோ, தீபம் வருதே” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். விமல்ராஜ் அன்று ராத்திரி வண்டியின் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான்.

தீபத்துக்குச் சில நாள் முன்னால் புயல் வந்தது. ராத்திரி முழுக்க ஊற்றிய மழை காலையிலும் விடவில்லை. கதிர்காமத்துக்குப் போகிற ரோடு எல்லாம் ஆறாகிவிட்டது, இந்திரா காந்தி சிலைப் பக்கம் பஸ் ஒன்று ஜன்னல் வரை முங்கி நிற்கிறது என்று செய்தி. சத்யப்பிரியாவுக்கு மத்தியானம் ஒரு மணிக்கு டூட்டி. ராத்திரி டூட்டிக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போக முடியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். நேரப்படி அது வத்தம் வேளை. புயலுக்கு ஒதுக்கி வண்டியைக் கட்டியிருந்த கொட்டகைக்கு வெளியே விமல்ராஜ் தலையில் கைவைத்து நின்றான்.

“கெடு தெரியுமில்ல?” என்றாள் சத்யப்பிரியா, முழங்கால் தண்ணீரில், ரெயின் கோட்டுக்குள் சீருடையோடு.

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கினு நிக்கிற?”

அப்போது கொட்டகையின் தகரக் கூரை உள்ளேயிருந்து தட்டப்பட்டது. அன்று கடல் வற்றவே இல்லை. எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் தாண்டி, வண்டி ஆள் உயரம் எழும்பிக் கூரையை முட்டிக்கொண்டிருந்தது, கயிற்றில் கட்டிய கன்று மாதிரி. குப்பன் முடிச்சை அவிழ்த்தார். அது தானாகத் தெருத் தண்ணீரில் வந்து இறங்கி, அவர்கள் ஏறுவதற்காகப் பக்கவாட்டில் திரும்பி நின்றது.

வண்டி அன்று போன வேகத்தை வீராம்பட்டினத்தில் இன்றும் சொல்கிறார்கள். அகல டயர்கள் துடுப்புகளாகத் தண்ணீரைத் தள்ளின. சைலன்சரின் டுப் டுப் சத்தம் கேட்டு மொட்டை மாடிகளில் இருந்தவர்கள் மீட்புப் படகு வருகிறது என்று கை ஆட்டினார்கள். பள்ளத்தில் இறங்கும்போது மூக்கு தூக்கி, அலை வந்தால் அலைக்குக் குறுக்கே வெட்டி, அது எதற்கும் தயங்கவில்லை. மரப்பாலத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்று சிவசங்கரி குரல் கொடுத்தாள். இருப்பது இரண்டே இருக்கை. அவள் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து ஸ்பாய்லரைப் பிடித்துக்கொண்டாள்.

“இது எதுக்குன்னு இத்தன நாளா கேட்டுக்கினு இருந்தேன்டி,” என்று கத்தினாள் சத்யப்பிரியா, “நீ புடிச்சிக்கிறதுக்குத்தான் போலருக்கு!”

நெல்லித்தோப்பில் இன்னும் இரண்டு நர்ஸ்கள். அவர்களும் ஸ்பாய்லரைப் பிடித்தார்கள். நூறடி ரோடு தண்ணீரும் வானமுமாகத் திறந்து கிடந்த இடத்தில் விமல்ராஜ் ஒரு கணம் கீழே பார்த்தான். முள் எழுந்து நின்று, நூறைத் தொட்டு, தாண்டிக்கொண்டிருந்தது. அவன் ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தான். சத்யப்பிரியாவின் முட்டியைத் தட்டிக் காட்டினான். அவள் பார்த்தாள். “இன்னும் போவுமா?” என்று கேட்டாள்.

பன்னிரண்டரைக்கே ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார்கள். அன்றும் மறுநாளும் விமல்ராஜ் நர்ஸ்களையும் பால் பாக்கெட்டுகளையும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தான். மழை விட்டு, தண்ணீர் வடிந்து, வண்டி பழைய எலுமிச்சம்பழ உயரத்துக்கும் பழைய வேகத்துக்கும் வந்துவிட்டது. கீரைக்கட்டுக் கிழவர் அதை மறுபடியும் தாண்டிப் போனார். விமல்ராஜ் அவருக்குக் கையசைத்தான்.

தீபத்தன்று நெடுமாறன் வண்டியைக் கட்டி இழுத்துப்போக ஒரு புதுச் சங்கிலியும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசல் முழுக்க அகல் எரிந்தது. வண்டியின் மேலும் ஐந்தாறு ஏற்றி வைத்திருந்தார்கள். விமல்ராஜ் சத்யப்பிரியாவின் முகத்தைப் பார்த்தான். கெடுவுக்குள் அவளுக்கு ஒரு தடவைகூடத் தாமதமாகவில்லை. ஆனால் மனசு மாற அவளுக்குக் கெடு எதுவும் தேவையில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். அவள் எழுந்து வந்து நெடுமாறனை வண்டிக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

“சார், ஸ்பாய்லரு முன்னாடி நாலு பேரு ஒக்கார்ற மாதிரி ஒரு பெஞ்சு வரணும். ரெக்சின் வாணாம், தண்ணி பட்டா நாறும். அப்புறம் ஒரு நங்கூரம். எத்தினி நாளைக்குத்தான் கயித்தக் கட்டி மாரடிக்கிறது? முன்னாடி மஞ்ச லைட்டு ஒண்ணு, பெருசா. டர்போ பத்தி அப்புறம் பேசலாம்.”

நெடுமாறன் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு ஸ்பாய்லருக்கு முன்னால் சாண் போட்டு அளந்தார். “பெஞ்சு பைபர்லயே அடிச்சிரலாம் சிஸ்டர்,” என்றார். பொங்கலுக்குள் அவரே வந்து பூட்டிக் கொடுத்தார். சங்கிலியை நங்கூரத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். வார்டில் சத்யப்பிரியாவின் டூட்டி ஏத்தத்துக்குத் தக்கபடி மாறி மாறி வந்தது, அதற்கு ஏற்றாற்போல் சிவசங்கரியின் டூட்டி வத்தத்தில் வந்தது. இரண்டு பேருக்கும் அதைப் பற்றி யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பங்குனி முடிந்து தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சில் குப்பனையும் பச்சையம்மாளையும் குழம்புத் தூக்கையும் ஏற்றிக்கொண்டு நோணாங்குப்பத்துக்குப் போனார்கள். அன்று ஓட்டியவள் சத்யப்பிரியா. முந்தின நாள் டூட்டி முடிந்து வருகையில் அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி எப்போதும்போல ஆற்றைப் பார்த்து நின்றபோது அவள் இறங்கிப் போய் அதன் மூக்கைத் தட்டிக்கொடுத்து, “இரு, போறோம் இரு” என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அது எங்கேயும் நிற்கவில்லை. சுண்ணாம்பாற்றுப் படகுத் துறையில் வெளியூர்க்காரர்கள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு பாரடைஸ் பீச்சுக்குப் போக வரிசையில் நின்றார்கள். ஏத்தம் முழுசாக வந்திருந்தது. வண்டி ஒரு தேங்காய் உயரத்தில் சரிவில் இறங்கி, வரிசையில் ஒரு படகைப்போலத் தானும் நின்று, எஞ்சினைத் தணித்துக்கொண்டது. பச்சையம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். கயிறு பிடித்து நின்ற துறைக்காரர் வண்டியின் மூக்கையும், நங்கூரத்தையும், பெஞ்சில் இருந்த மாமனார் மாமியாரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சத்யப்பிரியா ஸ்டீயரிங்கை விடாமல் தலையை வெளியே நீட்டினாள்.

“அண்ணே, அந்த வெள்ளப் படகக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கண்ணே. எங்க வண்டிய எறக்கணும்.”